பெயர் இல்லாத மேடு

"யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்" என்று நம்மவர் சொல்வதுண்டு. மனிதனுடைய சமாசாரம் அப்படியல்ல. இருந்த காலத்தில் அவன் குடும்பத்துக்கு எத்தனை பொன் தேடி வைத்திருந்தாலும் சரி, இறந்து மூன்று தலைமுறை கழிந்த பிறகு, "உங்கள் கொள்ளுப் பாட்டனாரை எங்கே அடக்கம் செய்தார்கள்?" என்று கேட்டால், வீட்டிலுள்ளவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக் கொள்கிறார்கள்.

தகனம் செய்யும் குடும்பங்களுக்கு இந்தச் சங்கடம் இல்லை. அஸ்தியைக் கடலிலோ ஆற்றிலோ கரைத்துவிட்டு, வருஷந்தோறும் திதியன்று மூன்று தலைமுறையின் பெயரைச் சொல்லி எள்ளும் நீரும் இறைத்தால் கடமை தீர்ந்தது. அவர்களுக்குப் பெயரே கல்லறை. ஆனால் புதைக்கும் வழக்கமுள்ளவர்கள் நம்மில் சிலரல்ல. கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் மட்டுமின்றி, இந்துக்களிலும் பல வகுப்பார் தங்கள் மூத்தோரை மண்ணுக்குத்தான் ஒப்படைக்கிறார்கள். மண்ணிடம் ஒப்படைத்த பொருளைத் திரும்பத் தேடிப் போகும்போதுதான், மண் எவ்வளவு மறதி உள்ளது என்பது தெரிய வருகிறது.

சென்னையின் வடபாகத்தையே எடுத்துக் கொள்வோம். இராயபுரம், காசிமேடு, தண்டையார்ப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று கடலை ஒட்டி நீளும் இந்தப் பிரதேசம், பல ஊர்களிலிருந்து பிழைக்க வந்தவர்களால் நிரம்பியது. துறைமுகம் இல்லாத காலத்தில் கப்பலுக்கும் கரைக்கும் நடுவே அலையைக் கிழித்துக் கொண்டு படகு தள்ளியவர்கள் இங்கே வாழ்ந்தார்கள். 1856-ம் வருஷம் தென்னிந்தியாவின் முதல் ரயில் இராயபுரத்திலிருந்து புறப்பட்டபோது, தண்டவாளத்தை நம்பி வந்தவர்கள் குடியேறினார்கள். பிறகு துறைமுகமும் ஆலைகளும் வந்தன. வந்தவர்கள் உழைத்தார்கள், ஒரு நாள் இறந்தார்கள், இங்கேயே புதைக்கப்பட்டார்கள். அவர்களுடைய பேரன்மார் வேலை நிமித்தம் வேறு ஊர்களுக்குப் போய்விட்டார்கள்.

அத்தகைய ஒரு பேரனோ, பேரனுடைய மகளோ, பழைய கல்லறைத் தோட்டம் ஒன்றுக்கு இப்போது தேடி வருவதாக வைத்துக் கொள்ளுங்கள். உள்ளே என்ன காண்பார்கள்? முன்வரிசையில் சலவைக்கல் சிலுவைகள் வரிசையாக நிற்கும். அப்பால் போகப் போக வேலிக்காத்தான் முள் முழங்காலைக் கிழிக்கும். அதற்கும் அப்பால் கல்லும் இல்லை, சிலுவையும் இல்லை. மண் சற்றே உயர்ந்தும் சற்றே தாழ்ந்தும் கிடக்கும். அவற்றில் ஏதோ ஒன்றுதான் தம்முடைய பாட்டனார். எது என்று யார் சொல்வது?

அடையாளம் அழிவதற்குக் காரணம் எப்போதும் அசிரத்தை என்று நினைத்துவிடக் கூடாது. ஏழைக் குடும்பம் நட்டது மரச் சிலுவை. அதைக் கரையான் இரண்டு மழைக்காலத்தில் முடித்துவிடும். இரும்புச் சிலுவையைக் கடற்காற்றின் உப்பு தின்றுவிடும். செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய மேடையை அரசங்கன்று ஒன்று வேர்விட்டுப் பிளந்துவிடும். இவற்றோடு இடநெருக்கடியும் சேர்ந்து கொள்கிறது. காசிமேட்டிலும் கீழ்ப்பாக்கத்திலும் உள்ள பெரிய கல்லறைத் தோட்டங்களில், புதிதாகக் குழி வெட்ட இடம் அரிதாகிப் பழைய குடும்பக் குழிகளையே மறுபடியும் திறக்கும்படி ஆயிற்று. உரிமை கேட்க ஆள் வராத குழியின் கதி என்னவாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

வடசென்னைக்கு மட்டும் உரிய இன்னொரு காரணமும் உண்டு. நமது கீழ்க்கரையில் கடல் நீரோட்டம் வருஷத்தில் பெரும்பகுதி மணலைத் தெற்கேயிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகிறது. 1876-ம் வருஷத்தையொட்டிச் செயற்கைத் துறைமுகத்தின் சுவர் கடலுக்குள் நீளத் தொடங்கியதும், வந்த மணல் தென்புறத்திலேயே தங்கிவிட்டது. மெரீனாக் கடற்கரை அகன்றது. பட்டணத்தார் காற்று வாங்க வசதி ஏற்பட்டது. வடபுறத்துக்கோ வர வேண்டிய மணல் வரவில்லை. இராயபுரம் முதல் திருவொற்றியூர் வரையில் கடல் கரையைக் கடித்துத் தின்றது. தெருக்களையும் குடிசைகளையும் கொண்டு போயிற்று. கருங்கல் கொட்டித்தான் அதைத் தடுத்து நிறுத்த வேண்டியிருந்தது. உயிரோடிருப்பவர்களின் வீட்டுக்கே இந்த நிலைமை என்றால், இறந்தவர்களின் ஆறடி நிலத்துக்குக் கடலிடம் யார் சிபாரிசு செய்வது?

"மரமும் மண்ணும் அழியும்; நல்ல கருங்கல்லாக வைத்திருந்தால் நின்றிருக்குமே!" என்று சிலர் கருதலாம். கல்லின் யோக்கியதையையும் பார்த்துவிடுவோம்.

கல் நடும் வழக்கத்தை வெள்ளைக்காரன் நமக்குக் கற்றுத்தரவில்லை. 2006-ம் வருஷம் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் கிடைத்த நடுகற்கள் இரண்டாயிரம் வருஷத்துக்கு மேற்பட்டவை என்று அறிஞர்கள் கூறுகிறார்கள். அவற்றில் ஒன்று, ஆநிரை கவர்ந்த சண்டையில் மாண்ட வீரனின் பெயரையும், சண்டை நடந்த ஊரையும், பழைய தமிழ் எழுத்தில் சுருக்கமாகச் சொல்கிறது. ஆனால் கல் வீரனுக்குத்தான் நடப்பட்டது. அவனுக்குச் சோறு கொண்டுபோனவனுக்கு நடப்படவில்லை. பிற்காலத்திலும், எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி கேட்கும் கல்தச்சனிடம் படகுக்காரரின் விதவை போய் நிற்க முடியுமா?

பணக்காரர்களின் கல்லாவது நிலைத்ததா? அதற்கு இராயபுரத்துக்குத் தெற்கே, உயர்நீதிமன்றத்தை அடுத்துள்ள பழைய சட்டக்கல்லூரி வளாகத்தின் சரித்திரம் பதில் சொல்கிறது. அந்த நிலம் ஒரு காலத்தில் கும்பினியாருடைய மயானமாக இருந்தது. 1758-ம் வருஷக் கடைசியில் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையை முற்றுகையிட்டபோது, அவனுடைய படைகள் அங்கிருந்த உயர்ந்த சமாதிகளை மறைவிடமாகக் கொண்டன. முற்றுகை நீங்கியதும், "இனி எதிரிக்கு இந்த வசதி கூடாது" என்று ஆங்கிலேயர் அந்தச் சமாதிகளை இடித்தார்கள். கற்களை மட்டும் பெயர்த்துக் கோட்டைக்குள் இருக்கும் செயிண்ட் மேரி ஆலயத்துக்குக் கொண்டுபோய் முற்றத்தில் பாவிவிட்டார்கள். 1652-ம் வருஷத்துக் கல்கூட அங்கே இருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் அந்தப் பெயர்களின்மேல் நடந்து போகிறார்கள். பெயர்கள் ஓரிடத்தில், அப்பெயருக்குரியவர்கள் வேறிடத்தில்!

அந்த மயானத்தில் நின்றுவிட்ட சமாதிகளுள் ஒன்று, கும்பினி அதிகாரி ஜோசப் ஹின்மர்ஸ் என்பவருக்காகக் கட்டிய கூர்ங்கோபுரம். அவருடைய விதவையை மணந்த கவர்னர் எலிஹு யேல் தம்முடைய சிறு மகன் டேவிட்டை 1688-ம் வருஷம் அங்கேயே அடக்கம் செய்தார். அமெரிக்காவில் ஒரு பிரபல சர்வகலாசாலைக்குப் பெயர் கொடுத்த யேல் இவர்தான். அவ்வளவு பெரிய பெயர் துணை நின்றும் என்ன? வாகனங்கள் நிறுத்த இடம் வேண்டியிருப்பதால் அந்தக் கோபுரத்தை வேறிடத்துக்கு மாற்ற வேண்டுமா என்னும் வழக்கு, 2023-ம் வருஷம் உயர்நீதிமன்றத்துக்கு வந்தது.

ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் என்னும் அதிகாரி சென்னை மாகாணத்துக் கல்லறை வாசகங்களைத் தொகுத்து 1905-ம் வருஷம் பெரிய புஸ்தகமாக வெளியிட்டார். அரிய உழைப்புத்தான். ஆனால் வாசகம் உள்ள கல்லைத்தானே அவர் எழுத முடியும்? கல் இல்லாதவர்கள் அதிலும் இல்லை.

அப்படியானால் ஒரு சமாதி எதனால் நிலைக்கிறது? திருவொற்றியூரில் கடற்கரையை ஒட்டிப் பட்டினத்தார் சமாதி இருக்கிறது. காதற்ற ஊசியும் கடைவழிக்கு வாராது என்று உணர்ந்து எல்லாவற்றையும் துறந்தவர், தம்முடைய சமாதிக்காக ஏற்பாடு எதுவும் செய்திருக்க மாட்டார். எனினும் அந்த இடம் எது என்று ஊரில் யாரும் தேட வேண்டியதில்லை. விளக்கேற்ற ஆள் வருகிறது. ஆடி உத்திராடத்தன்று குருபூஜை நடக்கிறது. கடல் தெருக்களைத் தின்ற கரையில் அந்தச் சமாதியை ஜனங்களின் கால்கள் காத்து வருகின்றன. நவம்பர் 2-ந் தேதி கல்லறைத் திருநாளன்று கிறிஸ்தவக் குடும்பங்கள் புல் செதுக்கி, சுண்ணாம்பு பூசி, மெழுகுவர்த்தி ஏற்றுவதும் இதே காரியத்தைத்தான் செய்கிறது. ஒரு குடும்பம் இருபது நவம்பர் வராமல் போனால், புல் தன் பங்கைக் கேட்காமலே எடுத்துக் கொள்கிறது.

கால்கள் வராமற் போன இடத்தில் மிஞ்சக்கூடிய துணை ஒன்றே ஒன்று: ஏட்டிலே எழுதிய ஒரு வரி. அடக்கம் நடந்த அன்று ஆலயத்தின் பதிவேட்டில் பெயர், வயது, தேதி, சில சமயம் தகப்பன் பெயர், தொழில் ஆகியவற்றை யாரோ ஒரு குருவோ குமாஸ்தாவோ எழுதி வைத்திருப்பார். அதற்குக் கல்தச்சன் கூலி கிடையாது. பணக்காரருக்கும் ஒரு வரி. படகுக்காரருக்கும் ஒரு வரி. ஆங்கிலேயர் காலத்தில் ஆலயப் பதிவுகள் பலவற்றின் நகல்கள் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டன. 1698-ம் வருஷம் தொடங்கும் சென்னை மாகாண நகல்கள் இப்போது இலண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. பெரும்பாலும் ஐரோப்பியர், ஆங்கிலோ-இந்தியர் பெயர்களே அவற்றில் மிகுதி. நம்முடையவர்களின் வரியை அந்தந்த ஆலயத்தின் மூல ஏட்டில்தான் தேட வேண்டும்.

தேடுவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. கத்தோலிக்கத் தமிழர் பீட்டர் என்னும் அப்போஸ்தலரை இராயப்பர் என்பார்கள். இராயபுரத்தின் பெயரே அவரைக் கொண்டு வந்ததென்று சொல்வதுண்டு. பவுல் என்பவர் சின்னப்பர், யோவான் அருளப்பர், யோசேப்பு சூசையப்பர். வீட்டில் எல்லோரும் 'சின்னப்பன்' என்று அழைத்தவரை, ஐரோப்பியக் குருவானவர் ஏட்டில் லத்தீன் வடிவத்தில் 'பவுலுஸ்' என்று எழுதியிருக்கலாம். பேரன் சகர வரிசையில் தேடித் தேடிக் கண் பூத்துப் போவான். பாட்டனாரோ பகர வரிசையில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருப்பார்.

இது வேடிக்கைக்குச் சொன்னதன்று. கடலுக்கு அப்பால் ஒரு தேசமே இப்படித் தேடியிருக்கிறது. 1860-ம் வருஷம் அக்டோபர் மாதம் சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்னும் கப்பல், கரும்புத் தோட்டங்களுக்கான ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு நவம்பர் 16-ந் தேதி தென்னாப்பிரிக்காவின் தர்பன் துறைமுகத்தை அடைந்தது. அப்படித் தொடங்கிய தமிழர் குடியேற்றத்தின் கதையில், ஜோஹான்னஸ்பர்க் நகரத்து பிராம்பாண்டீன் மயானத்துக்குத் தனி இடம் உண்டு. சத்தியாக்கிரகத்தில் சிறை சென்று 1909-ல் உயிர் நீத்த நாகப்பனும், 1914-ம் வருஷம் பிப்ரவரி 22-ந் தேதி பதினாறே வயதில் மறைந்த தில்லையாடி வள்ளியம்மையும் அங்கேதான் துயில்கிறார்கள். காந்தியடிகள் தாயகம் திரும்புவதற்கு முன் 1914 ஜூலை 15-ந் தேதி அவ்விருவரின் நினைவுக் கற்களையும் திறந்து வைத்தார். அந்தக் கல்லறைகளையே பிற்காலத்தில் புதுப்பிக்க வேண்டியதாகி, 1997-ல் வால்டர் சிசுலு மறுபடியும் திறந்து வைத்தார்.

அதே மயானத்தில் ஈனாக் சொன்டோங்கா என்னும் ஆப்பிரிக்க ஆசிரியர் 1905-ல் புதைக்கப்பட்டார். அவர் இயற்றிய பிரார்த்தனைப் பாடல் பின்னாளில் அந்நாட்டின் தேசிய கீதத்தில் இடம் பெற்றது. பாட்டை லட்சக்கணக்கானோர் பாடினார்கள். பாடலாசிரியர் படுத்திருந்த இடம் எவருக்கும் தெரியவில்லை. மயானத்தின் ஏட்டைப் புரட்டிச் 'சொன்டோங்கா' என்று தேடியவர்களுக்கு ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் காரணம் தெரிந்தது. எழுதினவர் அவரை 'ஈனாக்' என்னும் பெயரின் கீழேயே பதிந்து வைத்திருந்தார்! அந்த வரி கிடைத்தது. குழியின் எண் கிடைத்தது. 1996-ம் வருஷம் செப்டம்பர் 24-ந் தேதி, ஜனாதிபதி நெல்சன் மண்டேலா அங்கே நினைவுச் சின்னத்தைத் திறந்து வைத்தார். தொண்ணூறு வருஷம் ஒரு மனிதரை மண்ணுக்குள் காணாமற் போக்கியது ஏட்டிலே பெயர் மாறியது. அவரைத் திரும்பக் கொடுத்ததும் அதே ஏடுதான்.

அந்த ஒரு வரியும் எழுதப்படாமற் போனால்? யுத்த காலத்தில் ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் நடுவே போட்ட ரயில் பாதையை நினைத்துப் பாருங்கள். அங்கே மாண்ட நேச தேசத்துக் கைதிகளில் ஏறக்குறைய ஏழாயிரம் பேர் காஞ்சனபுரி யுத்த மயானத்தில் வரிசை வரிசையாகத் துயில்கிறார்கள். அவர்களுடைய தோழர்கள் ஆபத்தைப் பொருட்படுத்தாமல் இறந்தவர்களின் குறிப்புகளை எழுதிக் காத்தார்கள். மலாய் நாட்டு ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டு போகப்பட்ட தமிழர்களும் அதே பாதையில் பதினாயிரக்கணக்கில் மடிந்தார்கள். அவர்களுடைய பெயரை எழுத அங்கே யாரும் இல்லை. அவர்களைத் தேடிப் போகிறவர்களுக்கு இன்று காடும் தண்டவாளமும்தான் மிச்சம்.

ஆகையால், மூத்தோரின் கல்லறையைத் தேடப் புறப்படும் அன்பர்களுக்குச் சில வார்த்தைகள். முதலில் மயானத்துக்குப் போகாதீர்கள். வீட்டிலுள்ள மூத்த பாட்டியிடம் போங்கள். வீட்டுப் பெயர், ஞானஸ்நானப் பெயர், செல்லப் பெயர் எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இறந்த வருஷம் தெரியாவிட்டால், "பெரிய புயலுக்கு முந்தியா, பிந்தியா? மூத்த அத்தை கல்யாணத்துக்கு இருந்தாரா?" என்று கேட்டால் வருஷம் தானே வரும். அடுத்தபடி ஆலயத்தின் ஏடு. பிறகு நகரசபையின் இறப்புப் பதிவு. சென்னை மாகாணத்தில் பிறப்பு இறப்புப் பதிவுக்கு 1899-ம் வருஷமே சட்டம் ஏற்பட்டுவிட்டது. கடைசியாகத்தான் கல்லறைத் தோட்டம்.

அங்கே போகும்போது விடியற்காலையில் போங்கள். சாய்ந்த வெயிலில் தேய்ந்த எழுத்தும் நிழல் காட்டும், உச்சிவெயிலில் புலப்படாது. கல்லின்மேல் தண்ணீர் தெளித்துப் பார்க்கலாம். கம்பித் தூரிகையும் திராவகமும் வேண்டாம். அழுக்கோடு எழுத்தும் போய்விடும். முள்ளை வெட்டுங்கள், கொளுத்தாதீர்கள். தீயிலே கல் வெடிக்கும். கல் இல்லாத இடத்தில், நீளவாட்டில் ஓராள் அளவுக்கு மண் சற்றே உள்வாங்கியிருந்தால் அது பழைய குழியாக இருக்கக்கூடும்; வெட்டி நிரப்பிய மண் நாளடைவில் இறுகித் தாழ்வது இயல்பு.

இவ்வளவும் செய்தும் இடம் அகப்படாமற் போகலாம். அப்போது ஒரு சபலம் தோன்றும். பெயரில்லாத மேடு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, "இதுதான் எங்கள் தாத்தா" என்று பளபளவென்று கல்வைத்துவிட்டால் யார் கேட்கப் போகிறார்கள்? ஒருவரும் கேட்க மாட்டார்கள். ஆனால் அந்த மேட்டுக்கு உரிய வேறொரு தாத்தா அன்றோடு இரண்டாம் முறை மறைந்து போவார். அவருடைய பேத்தி நாளைக்குத் தேடி வந்தால், உங்கள் கல்லைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவாள். அதைவிட, ஆலயத்தாரின் அனுமதி பெற்று மதிலோரம் ஒரு பலகைக் கல் பதித்து, "இத்தோட்டத்தில் அடக்கமானவர்" என்று பெயரும் வருஷமும் எழுதுவது உத்தமம். அதிலே பொய் இல்லை. வேறு நான்கு குடும்பத்தாரும் தங்கள் பெயரைக் கீழே சேர்த்துக்கொள்ள இடம் விட்டு வைத்தால் இன்னும் உத்தமம்.

கல்லறையைக் கண்டுபிடிப்பதால் போனவருக்கு ஆவது என்ன என்று கேட்பவர்கள் உண்டு. அவருக்கு ஒன்றும் ஆகாது என்றே வைத்துக்கொள்வோம். இந்தப் பட்டணத்தின் துறைமுகத்தையும் ரயிலையும் ஆலைகளையும் உண்டாக்கியவர்கள் என்று சரித்திரப் புஸ்தகங்கள் சில கவர்னர்களையும் இஞ்சினியர்களையும் சொல்கின்றன. கல் சுமந்தவர்களும் படகு தள்ளியவர்களும் அந்தப் புஸ்தகத்தில் ஏறவில்லை. ஆலய ஏட்டிலே, மங்கிய மையில், 'படகுக்காரன், வயது நாற்பது' என்றிருக்கும் ஒரு வரியில்தான் அவர்கள் இருக்கிறார்கள். அந்த ஏடுகளையும் இப்போது பூச்சி அரித்து வருகிறது.

வாசகர்கள் இந்த வாரம் ஒரு காரியம் செய்யலாம். குடும்பக் கணக்கு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து, நமக்குத் தெரிந்த வரையில் நம் மூத்தோரின் பெயர், ஊர், தொழில், இறந்த வருஷம், அடக்கம் செய்த இடம் ஆகியவற்றை எழுதி, பாட்டியிடம் ஒரு முறை வாசித்துக் காட்ட வேண்டும். பாட்டி நிச்சயமாக நாலு திருத்தம் சொல்வாள். அவற்றையும் உடனே எழுதிக்கொள்ளுங்கள்.